சிந்து முதலமைச்சர் காயிம் அலி ஷா: ஒப்படைக்கு எதைப் பிடிச்சு எழுதலாம்?

வந்தாறுமூலை மாணவி:
அரசறிவியல் ஒப்படைக்கு இலங்கையின் கிழக்கு மாகாண சபையோட ஒப்பிட பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தை எடுத்திருக்கன். மூன்று தரம் முதலமைச்சரா இருந்த சையத் காயிம் அலி ஷாவை நடுவில வைச்சு எழுத யோசனை. எதில தொடங்கிறது?

கல்முனை நானா:
முதல்ல ஆண்டுகளைச் சரிபண்ணுங்க தங்கச்சி. 1970 தேர்தல்ல கைர்பூரில இருந்து தேசிய சபைக்குப் போனவர், சுல்பிகார் அலி பூட்டோ காலத்து மத்திய அமைச்சர். முதலமைச்சர் தவணைகள்: 1988 டிசம்பர் - 1990 பெப்ரவரி, 2008 ஏப்ரல் - 2013 மார்ச், 2013 மே - 2016 ஜூலை. 2008 தொட்டு 2016 வரை தொடர்ச்சி எண்டு எழுதினா புள்ளி போகும். நடுவில காபந்து முதலமைச்சர் இருந்தவர். பிறகு வந்த முராத் அலி ஷாவை இவர்ட மகன் எண்டும் போட்டிராதீங்க. அவர் 1993-96 முதலமைச்சர் அப்துல்லா ஷாவின் மகன்.

அக்கரைப்பற்று வாசகன்:
வாழ்க்கை வரலாறா எழுதாம, பதவி எப்படிப் போனது எண்டு பாருங்க. 1990லயும் சரி 2016லயும் சரி அவர் தேர்தல்ல தோற்கவுமில்ல, நம்பிக்கையில்லாப் பிரேரணையில விழவுமில்ல. அவர்ட சொந்தக் கட்சியான பாகிஸ்தான் மக்கள் கட்சியே ஆளை மாத்தினது. சட்டப்படி 168 பேர் சபையில முதல் வாக்கெடுப்பில 85 வேணும். ஆனா 2016 முடிவு துபாயில கட்சித் தலைமை கூடின கூட்டத்தில எடுத்தது, கராச்சியில இருக்கிற சிந்து சபை பிறகுதான் வாக்களிச்சது. எங்கட கிழக்கில 2015 பெப்ரவரியில நஜீப் ஏ. மஜீத்துக்குப் பிறகு நசீர் அஹமட் முதலமைச்சரா வந்ததும் தேர்தல் இல்லாமதான். ஆனா இங்க அது கூட்டணிக் கணக்கு: 37 ஆசனத்தில ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, முஸ்லிம் காங்கிரஸ் 7. அந்த 7 எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் ஆட்சி. ஷாவுக்கு அந்தத் தலையிடி கடைசி இரண்டு தவணையில பெரிசா இல்ல, அவர்ட ஆபத்து கட்சித் தலைமைதான்.

களுவாஞ்சிகுடி:
பணத்தை விட்டிட்டீங்களே! 2010ல பாகிஸ்தான் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் அங்க ஒருங்கிய நிரலையே (மத்தியும் மாகாணமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய விடயப் பட்டியல்) எடுத்துப்போட்டுது. எங்கட அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணையில அது இன்னும் இருக்கு. 2011 ஜூலை தொட்டு சேவைகள் மீதான விற்பனை வரியை சிந்து மாகாணமே தன்ட வருமான சபையால அறவிடுது. அதே 2011லதான் எங்கட மாகாணங்கள் அறவிட்ட புரள்வு வரி (வியாபாரத்தின் மொத்த விற்பனைத் தொகை மீதான வரி) இல்லாமப் போனது. இதை ஒரே பந்தியில பக்கத்துப் பக்கத்தில வைச்சாலே ஒப்பீடு தானா நிக்கும்.

வந்தாறுமூலை மாணவி:
மிச்சம் நன்றி. பொலிஸ் அதிகாரத்தையும் சேர்க்கலாமா?

கல்முனை நானா:
சேருங்க, ஆனா கவனம். அங்க பொலிஸ் மாகாணத்துக்கு, ரேஞ்சர்ஸ் எண்ட துணை இராணுவப் படை மத்திக்கு. 2015 டிசம்பரில ரேஞ்சர்ஸின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தி சிந்து சபை தீர்மானம் போட்டது, ஷாவுக்கும் இஸ்லாமாபாத்துக்கும் பெரிய இழுபறி. இங்க மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில பொலிஸ் அதிகாரம் எழுத்திலதான் கிடக்கு. எங்கட சபைக்கு 2017 செப்டெம்பரோட தவணையும் முடிஞ்சுது, அதையும் ஒரு வரி போடுங்க.