தற்றுணிபு ஒழுங்காற்றல்: இளஞ்சிறார் நீதிக்குரிய ஒரு சொல்லாக்கம்

குழுவினர்க்கு வணக்கம்.

> இளஞ்சிறார் நீதியில் அதிகாரிகள் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முறையை ஒழுங்குபடுத்துவதைக் குறிக்க 'அதிகாரக் கட்டுப்பாடு' போதாதா?

போதாது என்றே கருதுகிறேன். இங்கே பேசப்படுவது அதிகாரம் முழுவதும் அன்று. சட்டம் பல வழிகளைத் திறந்து வைத்துவிட்டு, அவற்றுள் தக்கதைத் தேரும் பொறுப்பை அலுவலரிடம் விடுகிறதே, அந்தப் பகுதி மட்டுமே. திருட்டில் பிடிபட்ட பதினைந்து வயதுச் சிறுமியைக் காவல் அலுவலர் எச்சரித்து அனுப்பலாம், பெற்றோரை வரவழைத்துப் பேசலாம், சமூகப்பணி அமைப்பிடம் அனுப்பலாம், வழக்கும் பதியலாம் என்று சட்டம் இடம் தந்திருந்தால், நான்கும் சட்டப்படி சரியானவையே. ஆனால் 'ஒத்துழைக்கவில்லை' என்று அவர் எழுதும் ஒற்றை வரி அவளை நீதிமன்றம் வரை கொண்டுபோய்விடும். அச்சத்தில் வாய் திறவாமல் நின்றதைத்தான் அவர் அப்படி எழுதினாரா என்று பின்னர் எவரும் கேட்பதில்லை.

இப்படித் தக்க வழியைத் தேரும் அதிகாரத்துக்கு (ஆங்கிலத்தில் discretion) 'விருப்புரிமை' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. எனினும் விருப்பமும் உரிமையும் கூடிய அச்சொல், அலுவலர் தமக்குப் பிடித்ததைச் செய்யலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அது உரிமையன்று, கடமை. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் 'தற்றுணிபு' ஆராய்ந்து முடிவுக்கு வருதலைச் சுட்டுவதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

'கட்டுப்பாடு' என்பதில் எனக்குள்ள தயக்கம் இன்னும் பெரிது. இளஞ்சிறார் நீதி நிர்வாகத்துக்கான குறைந்தபட்ச விதிகளாக 1985-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பெய்ஜிங் விதிகளில் 6-ஆம் விதி, சிறாரின் தேவைகள் ஒருவருக்கொருவர் வேறுபடுவதால் நடவடிக்கையின் எல்லாக் கட்டங்களிலும் தற்றுணிபுக்குத் தக்க இடம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே அதைப் பயன்படுத்துவோர் பொறுப்புக்கூற வேண்டும், தனித்தகுதியோ பயிற்சியோ பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஒடுக்குவது இங்கே நோக்கமன்று. அமெரிக்க நிர்வாகச் சட்ட அறிஞர் கென்னத் கல்ப் டேவிஸ் 1969-இல் செய்த பகுப்பு நமக்கு உதவும்: தேவையற்ற தற்றுணிபை வெட்டி எல்லை வகுப்பது ஒன்று, எஞ்சியதைக் காரணம் எழுதுதல், வழிகாட்டு விதிகளை வெளியிடுதல் போன்றவற்றால் சீராக்குவது மற்றொன்று, எடுத்த முடிவை இன்னொருவர் சரிபார்ப்பது மூன்றாவது. இவற்றை முறையே வரம்பிடல், நெறிப்படுத்தல், மீளாய்வு எனலாம். மூன்றுக்கும் பொதுவாகத் 'தற்றுணிபு நெறிமை' என்பது என் முன்மொழிவு.

மறுமொழி:

ஐயா, 'தற்றுணிபு' எனக்கும் உடன்பாடே. ஆனால் பொதுச்சொல்லும் உட்பிரிவுச் சொல்லும் ஒரே 'நெறி'யில் தொடங்கினால் மாணவர்கள் குழம்புவார்கள். ஒழுங்காற்று ஆணையம் என்ற வழக்கு இருப்பதால், பொதுவுக்குத் 'தற்றுணிபு ஒழுங்காற்றல்' என்றும் இரண்டாம் பிரிவுக்கு நீங்கள் சொன்ன 'நெறிப்படுத்தல்' என்றும் கொள்ளலாமே. வரையறையில் ஒன்றைச் சேர்க்கவும் வேண்டுகிறேன்: மேலதிகாரி வாய்மொழியாக இடும் 'இந்த மாதம் இத்தனை வழக்கு' என்ற இலக்கும் தற்றுணிபை வளைக்கிறது. அது ஒழுங்காற்றலில் சேராது. ஒழுங்காற்றப்பட வேண்டியவற்றுள் ஒன்று.