பழைய காரின் புல்லியில் 10 டிகிரி குறி போட்டும் நாக்கிங் போகவில்லை: கணக்கில் தப்பா?

கேள்வி
கார்புரேட்டர் வைத்த பழைய நான்கு சிலிண்டர் கார். கிராங்க் புல்லி (எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுழலும் சக்கரம்) உடைந்து வேறு மாட்டினேன், அதில் டைமிங் குறி எதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் 0 குறி போட்டேன். புல்லி விட்டம் 150 மி.மீ., சுற்றளவு 471.2. அதை 36-ஆல் வகுத்து, 13.1 மி.மீ. தள்ளி 10 டிகிரி குறி (பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி இருக்கும்போதே பிளக் பொறி விட வேண்டும் என்பதற்கு). பொறி விடும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டில் சரியாக நிற்கிறது. ஆனால் மேட்டில் ஏறினால் கடகடவென்று நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்). எங்கே தப்பு?

பதில் 1
10 டிகிரி குறி, புல்லி சுற்றும் திசையில் 0-க்கு முன்னால்தானே இருக்கிறது? அப்புறம், டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில்தான் பார்த்தீர்களா?

கேட்டவர்
ஆமாம் சார், இரண்டும் சரி. கவராயத்தால் நேர்கோட்டில் அளந்தேன், வளைவில் அளக்கவில்லை. அதனாலா?

பதில் 2
அதனால் இல்லை. நேர்கோட்டு நீளம் = விட்டம் × சைன் 5° = 150 × 0.0872 = 13.07. வித்தியாசம் முடி அளவுகூட இல்லை. எனக்குச் சந்தேகம் உங்கள் 0 குறிமேல்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) எவ்வளவு?

கேட்டவர்
80 மி.மீ.

பதில் 2
அப்படியானால் கிராங்க் ஆரம் 40. உச்சியிலிருந்து பிஸ்டன் இறங்கும் தூரம் ஏறக்குறைய 40 × (1 − காஸ் θ). காஸ் 5° = 0.9962, அதாவது 0.15 மி.மீ. கனெக்டிங் ராட் சாய்வதையும் சேர்த்தாலும் சுமார் 0.2-தான். உச்சியில் 5 டிகிரி பிசகினாலும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த கைக்குத் தெரியவே தெரியாது! பள்ளியில் வரைந்த காஸ் வளைவின் தட்டையான தலை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது. 45 டிகிரிப் பக்கம் போனால் ஒரு டிகிரிக்கே அரை மி.மீ.க்கு மேல் நகரும். அதனால் உச்சியைத் தேடாதீர்கள், அதன் இரண்டு பக்கமும் அளங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, முனை மழுங்கிய போல்ட் ஒன்றை அதில் இறுக்கினால் ஸ்டாப்பர் தயார். பிஸ்டன் கீழே இருக்கும்போது மாட்டி, ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். முட்டிய இடத்தில் ஒரு குறி. எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், குறுகிய பக்கத்தில், நிஜமான 0. ஸ்டாப்பர் உள்ளே இருக்கும்போது ஸ்டார்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் போய்விடும்.

கேட்டவர்
செய்துவிட்டேன் சார்! புல்லியைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டி, இரண்டு குறிக்கும் நடுவே 110 மி.மீ. வந்ததை மடித்து மையம் எடுத்தேன். என் பழைய 0 குறி அங்கிருந்து 5 மி.மீ. விலகி இருந்தது. 1 டிகிரிக்கு 1.31 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 4 டிகிரி. 10 என்று நினைத்து இவ்வளவு நாள் 14-இல் ஓட்டியிருக்கிறேன்; பொறி 4 டிகிரி சீக்கிரம் வந்ததால்தான் நாக்கிங். புதுக் குறியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்ததும் அதே மேட்டில் மூன்றாவது கியரில் சத்தமே இல்லை. மனமார்ந்த நன்றி.

பதில் 2
ரொம்பச் சந்தோஷம். பெயின்ட் அழிந்துவிடும், இரண்டு குறியையும் அரத்தால் லேசாகக் கீறி வையுங்கள்.