வயதான பெண் பூனை: சொட்டுச் சொட்டாக ரத்தத்தோடு யூரின், ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் திரும்ப வருகிறது

மாடிவீட்டுப்பூனை:

12 வயது நாட்டுப் பூனை. பெண், கருத்தடை ஆனது, எடை 3.2 கிலோ. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை மணல் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்குகிறது. யூரின் பட்ட மணல் புளியங்கொட்டை அளவுக்குத்தான் கட்டியாகிறது. நேற்றிலிருந்து சில கட்டிகள் இளஞ்சிவப்பாக இருக்கின்றன. சாப்பிடுகிறது, வாந்தி இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பும் இதே தொல்லைதான். யூரின் டெஸ்ட் எடுக்கவில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் டிரை சிரப் (5 மி.லி.க்கு 228.5 மி.கி.) 1 மி.லி. வீதம் இரண்டு வேளை, 5 நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாளே சரியாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி வந்ததும் பாட்டிலில் இருந்த மீதியைக் கொடுக்கிறேன். மூன்று டோஸ் போயும் பலன் இல்லை.

நாய்க்கு வாங்கிய என்ரோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக், 50 மி.கி. மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதில் பாதி கொடுக்கலாமா? சிரப் உள்ளே போனதும் வாயில் நுரை தள்ளுகிறது, அது அலர்ஜியா?

கூரைமேல்:

என்ரோஃப்ளாக்சசினைத் தயவுசெய்து தொடாதீர்கள். பூனைக்கு அதன் உச்ச வரம்பு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் பூனைக்கு மொத்தமே 16 மி.கி.தான். பாதி மாத்திரை 25 மி.கி., அதாவது கிலோவுக்கு 7.8. வரம்பைத் தாண்டினால் விழித்திரை கெட்டுப் பார்வை போய்விடலாம், பெரும்பாலும் திரும்பி வராது. வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கி ஆபத்து இன்னும் கூடும்.

அந்தப் பழைய சிரப்பையும் இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதன் ஆயுள் 7 நாள். முதலில் வீரியம் இழப்பது கிளாவுலனேட். பல பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைமைச் சுரந்து அமாக்சிசிலினை உடைத்துவிடும். அந்த என்சைமைக் கட்டிப்போடத்தான் கிளாவுலனேட் சேர்க்கிறார்கள். மூன்று வாரப் பாட்டிலில் காவலாள் போய்விட்டான், அமாக்சிசிலின் மட்டும் தனியாக நிற்கிறது.

நுரை அலர்ஜி இல்லை, கசப்பு. முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோதான் அலர்ஜியை நினைக்க வேண்டும்.

ஆற்றங்கரை:

கோர்ஸை முடிக்காமல் நாலு நாளில் நிறுத்தியதுதான் காரணம். புது மருந்து வாங்கி 14 நாள் விடாமல் கொடுங்கள், சரியாகிவிடும்.

வெள்ளைவால்:

ஆற்றங்கரை சொல்வது பழைய முறை. 2019-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலில், எப்போதாவது வரும் சாதாரண மூத்திரப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாளே போதும் என்று சொல்லிவிட்டார்கள். எழுதிய நாள் வரை கொடுத்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு நாள் குறைந்ததால் இது திரும்பி வந்திருக்காது. காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அதைத் தேடாமல் 14 நாள் கொடுத்தால் 15-ஆம் நாள் இங்கேயேதான் வந்து நிற்போம்.

பூனை முக்கினாலே இன்ஃபெக்‌ஷன் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பூனைகளில் பாக்டீரியா காரணமாக இருப்பது மிகக் குறைவு. பெரும்பாலும் மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் மூத்திரப்பை அழற்சி, அது ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்கியதும் பேர் மருந்துக்குப் போய்விடும். உங்கள் பூனைக்கு 12 வயது என்பதால் கணக்கு மாறுகிறது. வயதான பெண் பூனை, யூரின் நீர்த்துப் போயிருந்தால் தொற்றுக்கு உண்மையிலேயே வாய்ப்பு அதிகம். நீர்த்துப் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றில் ஒன்று இருக்கும்.

அதனால் அடுத்த ஆன்டிபயாட்டிக் வாய்க்குள் போவதற்கு முன் யூரின் கல்ச்சர், அதாவது யூரினில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எடுத்தாக வேண்டும். தட்டிலிருந்து உறிஞ்சி எடுத்தது கல்ச்சருக்கு ஆகாது. ஸ்கேனில் பார்த்தபடி வயிற்றின் வழியாக ஊசி போட்டு மூத்திரப்பையிலிருந்து நேரே எடுப்பார்கள். மெல்லிய ஊசிதான் (22 அல்லது 23 கேஜ்), 5 மி.லி. சிரிஞ்ச், மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. இதில் ஒரு தொல்லை உண்டு: இப்படி முக்கும் பூனையின் பை எப்போதும் காலியாகவே இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கூடையில் விட்டுவிடுங்கள், மணல் வைக்க வேண்டாம்.

மூன்று டோஸ் போயிருப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பூனை சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால், மருந்தை நிறுத்தி நாலைந்து நாள் கழித்து எடுக்கச் சொல்வார். அதுவரை வலிக்கு அவரே ஊசி போடுவார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த டெஸ்டான கிரியாட்டினின் தெரியும் முன், மெலாக்சிகாம் என்ற வலி மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூடக் கூடாது.

தெற்குவாசல்:

இடையில் நுழைகிறேன். எங்கள் ஆண் பூனையும் காலையிலிருந்து இப்படித்தான் முக்குகிறது, ஒன்றுமே வரவில்லை. இதே சிரப்பைத் தொடங்கலாமா? பாட்டி வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கொடுக்கச் சொல்கிறார்.

வெள்ளைவால்:

உடனே கிளம்புங்கள், இந்த இழையைப் பிறகு படிக்கலாம். ஆண் பூனைக்குச் சொட்டும் வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடிவயிற்றில் எலுமிச்சை போலக் கெட்டியாக உருண்டை தட்டுப்படும், தொட்டால் கத்தும். அழுத்தாதீர்கள், பை வெடிக்கலாம். ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். ஆன்டிபயாட்டிக் அடைப்பை எடுக்காது, மூத்திரக் குழாய்க்குள் விடும் மெல்லிய டியூபான கதீட்டர்தான் எடுக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, இந்த நிலையில் ஒரு மூடிகூடக் கொடுக்காதீர்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருந்தால் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எந்த ஊரானாலும் போன் செய்து “யூரின் பிளாக், ஆண் பூனை” என்று சொல்லிவிட்டே போங்கள்.

கூரைமேல்:

லேப் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். சின்ன ஊர்களில் கல்ச்சரை மனிதர்களுக்கான லேபுக்குத்தான் அனுப்புவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் மனித யூரினுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு மி.லி.க்கு ஒரு லட்சம் பாக்டீரியா. பூனையிடம் ஊசியில் எடுத்த சாம்பிளில் ஆயிரம் இருந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும். சீட்டில் “பூனை, ஊசி மூலம் எடுத்தது, எவ்வளவு வளர்ந்தாலும் எண்ணிக்கையும் சென்சிட்டிவிட்டியும் தரவும்” என்று எழுதச் சொல்லுங்கள். சென்சிட்டிவிட்டி என்றால் அந்த பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியல். சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்புக்கான பங்கை மட்டும் சூடு ஆறும் முன் கிளினிக்கிலேயே பார்த்துவிடட்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இல்லாத கிரிஸ்டலும் வந்துவிடும். யூரினில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் வெள்ளணுக் கட்டம் நிறம் மாறினால் நம்பாதீர்கள், பூனைக்கு அது சும்மாவே மாறும். யூரினின் அடர்த்தியையும் ஸ்ட்ரிப்பில் பார்க்காமல், அதற்கென்றே உள்ள ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுப்பூனை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மருந்தை நிறுத்தி நாலாம் நாள் சாம்பிள் எடுத்தார்கள். அடர்த்தி 1.014. கிரியாட்டினின் 2.3, சர்க்கரை சரியாக இருக்கிறது. ஸ்கேனில் கல் இல்லை, பையின் சுவர் தடித்திருக்கிறது, சிறுநீரகம் இரண்டும் சற்றுச் சிறிது. கல்ச்சரில் ஈ.கோலை பாக்டீரியா, மி.லி.க்கு 10,000. மேலே “குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை” என்று அச்சாகியிருந்தது, கேட்டு வைத்ததால் சென்சிட்டிவிட்டியும் கொடுத்தார்கள். ஆம்பிசிலினுக்கு எதிர்ப்பு, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும். அதே மருந்தை மறுபடி ஏன் கொடுக்கிறார்கள் என்று குழப்பம். 62.5 மி.கி. மாத்திரை, 12 மணிக்கு ஒன்று, 7 நாள்.

கூரைமேல்:

குழப்பமே வேண்டாம், ரிப்போர்ட் அப்படியே கதையைச் சொல்கிறது. ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் ஒரே வகை. தனியாகப் போனால் தோற்கும், கிளாவுலனேட்டோடு போனால் ஜெயிக்கும். பழைய பாட்டில் பலிக்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 62.5-இல் அமாக்சிசிலின் 50, கிளாவுலனேட் 12.5. உங்கள் பூனைக்குக் கிலோவுக்கு 19.5 மி.கி. ஆகிறது, வரம்பு 12.5 முதல் 25. சரியான அளவு.

கொடுக்கும் விதம்: காலை 7, இரவு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துக்கு ஒரே நேரத்தில் அதிகம் போவதைவிட இடைவெளி நீளாமல் இருப்பதே முக்கியம். இரண்டு வாய் சாப்பிட்டதும் கொடுத்தால் வாந்தி குறையும். பூனையைத் துண்டில் சுற்றி, தலையை லேசாக மட்டும் உயர்த்தி, மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து வாயை மூடுங்கள். உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் 3 முதல் 5 மி.லி. தண்ணீரைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்து ஓரமாக அரை மி.லி. அரை மி.லி.யாக விடுங்கள். தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் விடாமல் இருந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் என்றால் அங்கேயே புண்ணாக்கிக் குழாயைச் சுருக்கிவிடும். கிளாவுலனேட் ஈரத்தில் கெடும், அதனால் மாத்திரையைக் கொடுக்கும்போதுதான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். முன்கூட்டியே பொடித்து டப்பாவில் வைக்காதீர்கள்.

மாடிவீட்டுப்பூனை:

இன்று மூன்றாம் நாள். தட்டுக்குப் போவது நாலு தடவையாகக் குறைந்துவிட்டது. முடிந்ததும் மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா?

வெள்ளைவால்:

அறிகுறி எதுவும் இல்லை என்றால் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்த பூனைகளின் பையில் தொல்லை தராத பாக்டீரியா தங்கியிருக்கும். அதைத் துரத்தித் துரத்தி மருந்து கொடுத்தால் எதற்கும் மசியாத ஒன்றை நாமே வளர்த்துவிடுவோம். மறுபடி முக்கினால், மருந்து முடிந்து 5 முதல் 7 நாளில் எடுக்கலாம். காய்ச்சல், சாப்பிட மறுப்பது, கிரியாட்டினின் திடீரென ஏறுவது இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது 10 முதல் 14 நாள் என்று கணக்கே வேறு.

உங்கள் ரிப்போர்ட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அடர்த்தி 1.014 என்பதுதான். நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்கு 1.035-க்கு மேல் வரும். கிரியாட்டினினை இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். யூரினில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை இப்போது எடுக்காதீர்கள், தொற்று அடங்கிய பின்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கருவாடு வேண்டாம். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் ஊற்றி உணவைக் கஞ்சிப் பதத்தில் கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். காலண்டரில் தினமும் மணல் கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று குறித்து வாருங்கள். புளியங்கொட்டை அளவு திரும்பி வந்த அன்றே போன் செய்யுங்கள், ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.