இலைக்கு நிழல்: கண்ணில் தெரிவதைப் போடுவதா, விதிப்படி போடுவதா?

பென்சில்தூள்:
செம்பருத்தி இலை ஒன்றை மூன்று நாளாக வரைகிறேன். வடிவம், விளிம்பின் பற்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன. நிழல் போட ஆரம்பித்ததும் கெட்டுவிட்டது. தகரத்தில் வெட்டிய இலை மாதிரி இருக்கிறது. மேல்புறத்து நரம்புகள் பள்ளமாகத் தெரியாமல், நூலை ஒட்டியதுபோல் புடைத்து நிற்கின்றன. தாவரப் படங்களில் வெளிச்சம் எப்போதும் இடது மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வதுதான் விதி என்கிறார்கள். என் ஜன்னலோ வலப்பக்கம். இல்லாத வெளிச்சத்தை எப்படி வரைவது?

கரிக்கோல்:
வரையத்தான் வேண்டும். தாவரப் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது செடி, உங்கள் வீட்டு ஜன்னல் அல்ல. ஒரே தாளில் கிளை, பூ, காயின் குறுக்குவெட்டு, விதை எல்லாம் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வரைந்ததாக இருக்கும். ஆளுக்கொரு திசையில் வெளிச்சம் விழுந்தால் எது மேடு, எது பள்ளம் என்று யாருக்கும் புரியாது. முதலில் இலையை ஒதுக்கி வையுங்கள். உருளை, கூம்பு, கிண்ணம், சுருண்ட ரிப்பன் ஆகியவற்றுக்கு ஒரு மாதம் நிழல் போட்டுப் பழகுங்கள். தண்டு உருளைதான், மொட்டு கூம்புதான்.

பச்சையம்:
ஒரு மாதம் உருண்டை வரைந்தவர் இலையையும் உருண்டையாகத்தான் வரைவார். இப்படிக் கற்றவர்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பூவும் பிளாஸ்டிக். கத்தரிக்காயின் மினுப்புக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், ஒரு நூலிழையில் வெள்ளை கருநீலமாகிவிடும். ரோஜா இதழில் அப்படி ஒரு கோடே கிடையாது, வெளிச்சம் மெல்லக் கரையும். இந்த வித்தியாசம் எந்த உருண்டையிலும் இல்லை. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1503-இல் வாட்டர்கலரில் வரைந்த புல்திட்டைப் பாருங்கள். ஒவ்வொரு புல்லும் பார்த்து வரைந்த புல்.

கரிக்கோல்:
அவர் பெயரைச் சொன்னால் நானும் ஒருவரைச் சொல்கிறேன். தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பவர் 1801-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கப்பல் ஏறியவர். அங்கே பென்சிலால் கோட்டுப்படம் போட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் குறித்துக்கொண்டார். லண்டன் திரும்பிய பிறகுதான் அவற்றை முழு வண்ணப் படங்களாக முடித்தார். அப்போது எதிரே ஏது உயிருள்ள பூ, ஏது வெளிச்சம்? வடிவம் தெரிந்திருந்ததால் நிழல் எங்கே விழும் என்றும் தெரிந்திருந்தது.

பச்சையம்:
அதற்குள் அவர் எத்தனை ஆயிரம் செடிகளைப் பார்த்திருப்பார்! நம் நண்பர் ஒரே இலையோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறார் ஐயா.

இடக்கையான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இடது மேல்மூலை என்பது வலதுகைக்காரர்களுக்கு வசதி, அவர்கள் கையின் நிழல் தாளில் விழாது. நான் இடதுகை. பத்து வருடமாக விளக்கை வலப்பக்கம்தான் வைக்கிறேன், எந்தச் செடியும் கோபித்துக்கொள்ளவில்லை. அது போகட்டும். பென்சில்தூள், ஒரு சந்தேகம். நரம்புக்கு எந்தப் பக்கம் கருப்பு வைத்தீர்கள்?

பென்சில்தூள்:
வலப்பக்கம். ஜன்னலில் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால், சொல்ல மறந்துவிட்டேன், இலையின் பெரிய வளைவுக்கு மட்டும் விதிப்படி இடப்பக்கம் வெளிச்சமாக விட்டேன்.

இடக்கையான்:
அங்கேதான் சிக்கல். இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் பள்ளத்தின் இடச்சுவர் இருட்டாகவும் வலச்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். மேட்டுக்கு நேர்மாறு. வெளிச்சம் இடம் என்று வளைவு சொல்கிறது, நரம்புக்கு வலப்பக்கம் கருப்பு இருக்கிறது. பார்ப்பவர் கண் அதை மேடு என்றுதானே எடுத்துக்கொள்ளும்? இலையின் அடிப்புறத்தில் நரம்பு நிஜமாகவே புடைத்திருக்கும். நீங்கள் மேல்புறத்தை வரைந்து அடிப்புறத்தைக் காட்டிவிட்டீர்கள்.

கரிக்கோல்:
இதைத்தான் சொன்னேன். விதியை முழுதாகப் பின்பற்றியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

பச்சையம்:
கண்ணை முழுதாக நம்பியிருந்தாலும் வந்திருக்காது. இலை முழுவதையும் ஜன்னல்படி போட்டிருந்தால் நரம்பு உள்ளேதான் போயிருக்கும். பாதி அவர்கள் சொன்னது, பாதி தான் பார்த்தது. சரி, ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தாளில் எதை விட வேண்டும் என்பதற்கு விதி உதவும். மேசைமேல் விழும் நிழலை நானும் போடுவதில்லை. ஆனால் கத்தரிக்காயின் காம்புத்தொப்பி காயின்மேல் போடும் நிழலை விடவே மாட்டேன். அது இல்லாவிட்டால் தொப்பி காயோடு ஒட்டியிருக்கிறதா, தூக்கி நிற்கிறதா என்று தெரியாது.

கரிக்கோல்:
அதற்கு நான் எதிரி இல்லை. தகரம் மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறு. விளிம்பில்தான் மிகக் கருப்பு என்று நினைத்து அழுத்தியிருப்பீர்கள். வளைந்து கீழிறங்கும் இடத்தில் ஆழ்ந்த கருப்பு விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் அக்கம்பக்கத்திலிருந்து திரும்பி வரும் எதிரொளியால் ஓரம் லேசாக வெளுக்கும். அந்த வெளுப்பை விட்டுப் பாருங்கள். வெளிறிய கோடு விழும் 2எச் பென்சிலில் மெல்ல ஏற்றுங்கள், கருப்பு கூடிய 2பி-யைக் கடைசியில் தொட்டால் போதும்.

பென்சில்தூள்:
ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இடப்பக்கம் ஒரு மேசைவிளக்கு வைத்தேன். நரம்பு உள்ளே இறங்கிவிட்டது! எதிரொளி வலது ஓரத்தில் நன்றாகவே தெரிகிறது, இவ்வளவு நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேனோ. ஆனால் மூன்று நாளானதில் இலை சுருண்டுவிட்டது. நாளை புது இலை பறித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பச்சையம்:
பார்த்தீர்களா, கடைசியில் வெளிச்சத்தை எதிரே வைத்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

கரிக்கோல்:
வைத்த இடம் இடது மேல்மூலை.