குந்தினால் கவட்டில் கிழியும் வேலை பேண்ட்: இந்த வெயிலுக்கு எதை வாங்குவது?

கம்பிகட்டி:
வணக்கம். சிங்கப்பூரில், பொங்கோலில் ஒரு கட்டட வேலையிடத்தில் கம்பி கட்டும் வேலை செய்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை குனிவது, குந்துவது, கம்பிகளின் மேல் காலை அகட்டி வைத்து நடப்பது, இவைதான் என் நாள். கடந்த எட்டு மாதங்களில் நான்கு பேண்ட் கிழிந்துவிட்டன. நான்கும் ஒரே இடத்தில், கவட்டில் பின்பக்கமாக.

மெல்லிய துணி என்பதால்தான் கிழிகிறது என்று நினைத்து, நான்காவதாகத் தடித்த ஜீன்ஸ் ஒன்றை 45 வெள்ளிக்கு வாங்கினேன். அது ஏழு வாரம் தாங்கியது. அந்த ஏழு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து மணிக்கே வியர்வையில் ஊறி, தொடையோடு ஒட்டிக்கொள்ளும். இரவு துவைத்துக் காயப்போட்டால், காலை ஐந்து மணிக்கு இடுப்புப் பட்டியும் பைகளின் உள்துணியும் ஈரமாகவே இருக்கும். மாற்று இல்லாததால் அதையே போட்டுக்கொண்டு லாரியில் ஏறுவேன். இப்போது தொடையிடுக்கு புண்ணாகி, நடந்தாலே எரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் தளத்தில் எல்லாரும் இருக்கும்போது அந்த ஜீன்ஸும் கிழிந்தது. மழைக்கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாலை வரை வேலை செய்தேன். வீட்டுக்கு அனுப்பியது போக என்னால் 60 வெள்ளி ஒதுக்க முடியும். அதற்குள் இரண்டு பேண்ட் வேண்டும். எந்தத் துணி, எந்த வெட்டு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங்வாசி:
தம்பி, அளவில் இரண்டு அங்குலம் பெரிதாக வாங்கி, இடைவாரை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் கிழியாது.

தேக்கா தையல்:
ஜூரோங்வாசி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கிழிந்த பேண்ட்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் அறுந்து தையல் பிரிந்திருக்கிறதா? தையல் அப்படியே இருக்க, அதை ஒட்டித் துணி கிழிந்திருக்கிறதா? அல்லது துணியே தேய்ந்து, சல்லடைபோல மெலிந்து, பிறகு விட்டிருக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. எறிந்துவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா?

கம்பிகட்டி:
மூன்றை வைத்திருக்கிறேன் அக்கா, துடைக்கத் துணி ஆகும் என்று. இப்போதுதான் பார்த்தேன். முதல் இரண்டில் நூல்தான் அறுந்திருக்கிறது, துணி நன்றாகவே இருக்கிறது. ஜீன்ஸில் தையல் உறுதியாக இருக்கிறது. அதன் பக்கத்தில் துணி விட்டிருக்கிறது. தொடையின் உட்பக்கம் வெளுத்து மெலிந்தும் இருக்கிறது. வாங்கும்போது நின்று பார்த்தேன், அளவாக இருந்தது. தொடையில் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

தேக்கா தையல்:
நன்றி தம்பி, இப்போது தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் போன்ற தம்பிகள் கொண்டுவரும் கிழிந்த காற்சட்டைகளைத் தைத்து வருகிறேன். பெரும்பாலும் இதே இடம்தான்.

நிற்கும்போது இடுப்பிலிருந்து கவடு வரை பின்பக்கம் தேவைப்படும் துணியின் நீளம் ஒன்று. குந்தும்போது முதுகின் கீழ்ப்பகுதியும் பிட்டமும் விரிவதால் பல அங்குலம் கூடுதலாகத் துணி வேண்டும். அந்தத் துணி எங்கிருந்து வரும்? ஒன்று, பின்னிடுப்பு கீழே இறங்கும். அல்லது தொடைத்துணி மேலே வழுக்கி வரும். உலர்ந்த உடம்பில் அது வழுக்கும். வியர்வையில் நனைந்த தொடையில் துணி ஒட்டிக்கொள்வதால் அசையாது. அப்போது இழுவை முழுவதும் நான்கு தையல்கள் கூடும் ஒரே புள்ளியில், கவட்டில், போய் விழுகிறது. நூல் மெலிந்ததாக இருந்தால் நூல் அறும். நூல் பலமானதாக இருந்தால் துணி விடும். உங்கள் முதல் இரண்டுக்கும் ஜீன்ஸுக்கும் நடந்தது இதுதான். தடிமனைக் கூட்டினீர்கள், இழுவை அப்படியே இருந்தது.

பெரிய அளவு வாங்கினால் என்ன ஆகும்? இடுப்பு மட்டும் பெரிதாவதில்லை, கவடும் கீழே இறங்கிவிடும். கவடு தாழ்ந்திருந்தால் காலைத் தூக்கும்போது இரண்டு முழங்கால்களையும் கயிற்றால் பிணைத்ததுபோல இழுக்கும். கம்பிகளின் மேல் கால் அகட்டி நடப்பவருக்கு அது ஆபத்தும்கூட. கவடு உடம்பை ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். தொடையும் பின்பக்கமும் தாராளமாக இருக்க வேண்டும். காற்சட்டையின் வெட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடையில் நின்று பார்த்து வாங்காதீர்கள். அங்கேயே முழுதாகக் குந்துங்கள். ஒரு காலை நாற்காலியின் மேல் வைத்துப் பாருங்கள். குந்தும்போது பின்னிடுப்பு இறங்கி உள்ளாடை தெரிந்தால், பின்பக்க உயரம் உங்களுக்குப் போதாது, வேறு எடுங்கள். வெட்கப்பட வேண்டாம், விலை கொடுப்பவர் நீங்கள்.

அடுத்து, கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று உட்புறம் திருப்பிப் பாருங்கள். அந்தத் துண்டு இருந்தால் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் கூடாமல் விலகிப்போகும், இழுவை பரவிவிடும். விலை மலிவான காற்சட்டைகளில் இது பெரும்பாலும் இருக்காது. ஆனால் எந்தத் தையற்காரரும் பிரித்து வைத்துத் தர முடியும், உள்ளங்கை அளவுத் துணி போதும். தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் பல தையற்கடைகள் இருக்கின்றன. வாங்கிய அன்றே, கிழிவதற்கு முன்பே, கொண்டுபோய்க் கொடுங்கள். பாலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல் வேண்டும் என்று கேளுங்கள்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜீன்ஸ் பையின் முனையில் செம்புக் குமிழ் அடித்திருக்கிறதே, அது ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரின் யோசனை. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் இருந்தவர். ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி, தன் கணவர் உடனே கிழித்துவிடாத காற்சட்டை வேண்டும் என்று கேட்டதற்காகச் செய்தது. லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். துணியைத் தடிமனாக்காமல், இழுவை விழும் முனையை மட்டும் பலப்படுத்தினார். உங்கள் கவட்டுத் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

செடிகொடி:
நான் பூங்காக்களில் புல் வெட்டும், மரம் கழிக்கும் வேலை செய்கிறேன். துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த, சிறு கட்டங்கள் தெரிகிற ரிப்ஸ்டாப் துணி வாங்குங்கள். அந்தக் கட்டங்கள் அழகுக்காக அல்ல. சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை குறுக்கிலும் நெடுக்கிலும் ஓடுகிறது. கட்டுக்கம்பி முனை குத்திக் கிழித்தாலும், கிழிசல் அடுத்த தடித்த இழையில் நின்றுவிடும். பாராசூட் துணிக்காக வந்த நெசவு இது.

எடை முக்கியம். 14 அவுன்ஸ் (சதுர கெஜத்துக்கு) என்று சொல்லும் ஜீன்ஸ் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம். எனக்குச் சரியாக இருப்பது 240 முதல் 260 கிராம் வரை, பாதிக்குச் சற்று மேல்தான். கலப்புத் துணி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். இரவு எட்டு மணிக்குத் துவைத்தால் காலையில் காய்ந்திருக்கிறது, டிசம்பர் மழையிலும்கூட. கொசுவும் முள்ளும் இருக்கும் இடத்தில் அரைக்கால்சட்டை போட முடியாத எனக்கு இது பெரிய நிம்மதி.

துவாஸ் வெல்டர்:
செடிகொடி சொல்வது அவர் வேலைக்குச் சரி. எல்லாருக்கும் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகும். வெல்டிங் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பருத்தி உருகாது. கப்பல் பட்டறையில் என் பக்கத்தில் நின்றவரின் காலில் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். வெல்டிங், இரும்பைத் தேய்க்கும் இயந்திரம், வெட்டும் இயந்திரம் எதுவாக இருந்தாலும் முழுப்பருத்தி, நெருக்கமான நெசவு. பேண்ட் கால் நுனியை வெளிப்பக்கம் மடித்துவிடக் கூடாது, பொறி அந்த மடிப்பில் தங்கும். நுனி பிசிறாகவும் இருக்கக் கூடாது. பேண்ட் கால் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும்.

கம்பிகட்டி, நீங்கள் கம்பி வெட்டும் இயந்திரத்தில் நிற்பீர்களா?

கம்பிகட்டி:
இல்லை அண்ணா. வெட்டி வளைத்த கம்பிதான் எங்களுக்கு வருகிறது, நாங்கள் கட்டுவது மட்டும். எப்போதாவது பக்கத்தில் வெல்டிங் நடக்கும்.

துவாஸ் வெல்டர்:
அப்படியானால் கலப்புத் துணி போடலாம். வெல்டிங் நடக்கும்போது விலகி நில்லுங்கள். என்றைக்காவது அந்த வேலையில் உங்களை நிறுத்தினால், பருத்தி பேண்ட் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்:
எல்லாரும் பேண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் புண்தான் கவலை. கம்பிகட்டி, வெறும் உராய்வுப் புண் என்றால் தோல் உரிந்து எரியும். வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து, அரிப்பு அதிகமாக இருந்தால் அது படை. படைக்குக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால், முதலில் அரிப்பு அடங்கி, பிறகு இன்னும் பரவும். மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டுமானத் துறையில் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து முதன்மைப் பராமரிப்புத் திட்டம் கட்டாயம். உங்கள் முதலாளி உங்களை அதில் சேர்த்திருக்க வேண்டும். எந்த மருத்துவ நிலையம் என்று கேட்டுப் போங்கள்.

ஈரமான பேண்டை மறுபடி போடுவதுதான் இதற்கெல்லாம் மூலம். வேலை முடிந்ததும், சோப்பு போட நேரமில்லை என்றாலும், வெறும் தண்ணீரிலாவது அலசிவிடுங்கள். காய்ந்த வியர்வை உப்பு துணியை விறைப்பாக்கித் தோலை உராயும். உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்புப் பட்டி மேலே வர, பைகளை வெளியே இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள்.

உயரத்திலிருந்து விழாமல் தாங்கும் ஹார்னஸ் வார் போடுகிறவர் என்றால் தொடைப்பக்கம் பெரிய பை வைத்த பேண்ட் வேண்டாம். தொடை வார் அந்தப் பையின் மேல் ஏறி அழுத்தும், சரியாக இறுகவும் இறுகாது.

வெப்பத்துக்கு ஓய்வு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும். 33 டிகிரியைத் தொட்டால் 15 நிமிடம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்தது. அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், இடைவாரைத் தளர்த்திக் காற்றுப்படவிடுங்கள்.

கம்பிகட்டி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

மருத்துவரிடம் போனேன். படைதான். களிம்பு கொடுத்தார், நின்றுவிட்டது என்று நானே முடிவு செய்து பாதியில் விடக் கூடாது என்றார். இப்போது தோல் ஆறிவிட்டது.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலைந்தேன். ஏழு கடைகளில் குந்திப் பார்த்தேன். இரண்டு கடைகளில் சிரித்தார்கள். ஏழாவது கடையில் கலப்புத் துணி ரிப்ஸ்டாப், தொடை தாராளமாக, பின்பக்கம் உயர்ந்து, ஒன்று 22 வெள்ளிக்குக் கிடைத்தது. இரண்டு எடுத்தேன். கவட்டுத் துண்டு இல்லை. தேக்கா நிலைய மேல்மாடியில் ஒரு தையற்காரரிடம் கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து 14 வெள்ளி. மொத்தம் 58.

ஐந்து வாரத்தில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. குந்தும்போது இழுப்பே தெரியவில்லை. ஒரு நாள் கட்டுக்கம்பி முழங்காலுக்கு மேலே குத்திக் கிழித்தது; செடிகொடி அண்ணன் சொன்னதுபோலவே கட்டத்தோடு நின்றுவிட்டது. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. முழங்காலில் துணி வெளுக்கத் தொடங்கிவிட்டது. இப்போதே ஒட்டுப் போட வேண்டுமா, கிழியட்டும் என்று காத்திருக்கலாமா?

தேக்கா தையல்:
இப்போதே போடுங்கள் தம்பி. வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், ஒட்டுத் துணியைத் தாங்கும் பலம் சுற்றியுள்ள துணியில் இருக்காது. ஒட்டு முழங்காலுக்கு மேலே நான்கு விரல், கீழே நான்கு விரல் வரை நீள வேண்டும். மடங்கும் இடத்திலேயே ஒட்டின் விளிம்பு வந்தால் அந்த விளிம்பிலேயே கிழியும். அந்தப் பழைய ஜீன்ஸின் கால் துணி இருக்கிறதல்லவா, அதை வெட்டி எடுத்து வாருங்கள். நன்றாகத் துவைத்த துணி இனிச் சுருங்காது, ஒட்டுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

கம்பிகட்டி:
ஜீன்ஸை வெட்டிவிட்டேன் அக்கா. இரண்டு கால்களிலும் சேர்த்து ஆறு ஒட்டுக்குத் துணி தேறும். அறையில் இன்னும் இரண்டு பேர் தங்கள் பேண்ட்களையும் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் உங்கள் கடை திறந்திருக்குமா?

தேக்கா தையல்:
ஏழு மணி வரை இருப்பேன். துவைத்து, காயவைத்துக் கொண்டுவாருங்கள்.