மழைக்காலம் முடிந்ததும் கிடாரில் கரகர, ஆம்ப்பில் பாதிச் சத்தம்: எங்கே தொடங்குவது?

உப்பளத்தான்

வணக்கம். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஸ்ட்ராட் மாதிரி கிடார், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்). கூடவே 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். ஐப்பசியிலிருந்து இரண்டும் மாடி அறையில் உறைக்குள்ளேயே கிடந்தன. அந்த அறைச் சுவரில் ஓதம் வேறு. இப்போது எடுத்தால் வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கிறது, பிளக்கை அசைத்தால் சத்தம் வந்து வந்து போகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆம்ப் பாதியாக இறங்கி, பிறகு தானாக ஏறுகிறது. கடையில் மூன்று பிக்கப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது, அடித்துப் பார்க்கலாமா?

நாலு தந்தி

சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, அதில் தூசி ஒட்டும். டப்பாவில் ‘கான்டாக்ட் கிளீனர்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கச்சேரி அண்ணாச்சி

பிக்கப் பேச்சை ஓரமாக வையுங்க தம்பி. மூன்றும் ஒரே சமயத்தில் போகிறதாவது! ஊர் ஊராக மெல்லிசைக் குழுவுக்கு வாசித்தவன் சொல்கிறேன், மழைக்குப் பிறகு வருகிற கோளாறில் முக்கால்வாசி லூஸ் கான்டாக்ட்தான்.

முதலில் அளந்து பாருங்கள். கேபிளைக் கிடாரில் குத்தி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். வால்யூம் முழுசாகத் திறந்திருக்கட்டும். பிக்கப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் 5 முதல் 7 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். 250 கிலோ ஓம் காட்டினால் அது பிக்கப்பின் அளவே இல்லை, வால்யூம் கன்ட்ரோலின் அளவு. அப்படியானால் அந்த இடத்தில் சுவிட்ச் ஒட்டவில்லை, இல்லையென்றால் பிக்கப் கம்பி அறுந்திருக்கிறது. எண் சரியாக வந்தால், அப்படியே கிடார் பக்கத்துப் பிளக்கை ஆட்டுங்கள். எண் குதித்தால் கோளாறு ஜாக்கில், அதாவது பிளக் குத்துகிற ஓட்டையில்.

ஜாக் தட்டுக்கு இரண்டே திருகுதான். கழற்றிப் பார்த்தால் பிளக் நுனியைப் பிடிக்கிற வளைந்த நாக்கு ஒன்று தெரியும். உங்கள் காற்றுக்கு அது கறுத்திருக்கும், ஈயம் வைத்த இடத்தில் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், முலாம் போய்விட்டால் அடுத்த மழையில் இன்னும் சீக்கிரம் கறுக்கும். துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நாக்கை உள்பக்கமாக இம்மி வளைத்துவிட்டால் போதும். பச்சை ஏறிய கம்பியில் ஈயம் பிடிக்காது. பளபளவென்று செம்பு தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். ரோசின் உள்ள ஈயமாக இருக்கட்டும். குழாய் வேலைக்காரர்களின் ஆசிட் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், மிச்சம் தங்கி ஈரத்தோடு சேர்ந்து கம்பியைத் தின்றுவிடும்.

வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் உள்பக்கம், கம்பி பற்றவைத்த கால்களுக்கு மேலே சிறு இடுக்கு இருக்கும். அதில் கிளீனரை ஒரு பீச்சு விட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாகத் திருகுங்கள். பிக்கப்பில் மட்டும் எதையும் அடிக்க வேண்டாம்.

ஆம்ப் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. பின்னால் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது வெளி எஃபெக்ட் பெட்டியை இணைக்கிற ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ ஓட்டைகள் இருக்கிறதா? அங்கே ஒன்றும் குத்தாதபோது சத்தம் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கிற சின்னத் தகட்டுத் தொடுப்பு வழியாகத்தான் போகிறது. யாரும் தொடாத ஜாக், அதனால் உள்ளே கறுத்துப்போகும். நல்ல கேபிள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே போட்டுப் பாருங்கள். சத்தம் நிலையாகிவிட்டால் கள்வன் அகப்பட்டான். ஆம்ப்பை அணைத்துவிட்டு, பிளக்கில் கிளீனர் தடவி அங்கே பலமுறை குத்தி எடுங்கள். ஹெட்போன் ஓட்டைக்கும் இதே வைத்தியம், அதுவும் ஸ்பீக்கரை வெட்டிவிடுகிற ஜாக்தான்.

வால்வு பிரியன்

அண்ணாச்சி சொன்னதில் எதற்கும் ஆம்ப்பைத் திறக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) ஆட்களுக்குச் சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் நிற்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரிந்தவர் மட்டும் திறக்கட்டும்.

உப்பளத்தான்

மீட்டரில் மூன்று பிக்கப்பும் 6 கிலோ ஓம் பக்கம் காட்டுகின்றன! ஜாக்கில் தரைக் கம்பி ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது, வெட்டிப் புதிதாக வைத்தேன். சென்ட்-ரிட்டர்ன் கேபிள் போட்டதும் ஆம்ப் நிமிர்ந்துவிட்டது. வால்யூம் கரகரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. மாற்ற வேண்டியதுதானா?

கச்சேரி அண்ணாச்சி

இன்னொரு தடவை கிளீனர் விட்டுப் பாருங்கள். அப்படியும் கரகரத்தால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம். ஏ250கே என்று கேளுங்கள், அதாவது 250 கிலோ ஓம், ‘ஏ’ வகை. ‘பி’ என்றால் லீனியர், காதுக்குச் சத்தம் சீராக ஏறாது. வாங்கும் முன், வால்யூம் கன்ட்ரோல் உட்காருகிற தட்டின் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். பெரிய அளவுக் கன்ட்ரோலின் கழுத்து 9.5 மி.மீ., விலை குறைந்த கிடார்களில் ஓட்டை அதைவிடச் சின்னதாக இருக்கும். அப்புறம், கிடாரை அந்த ஓதச் சுவர் அறையிலிருந்து கீழே இறக்குங்கள். உறையின் ஸ்பாஞ்சை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு போட்டால் போதும்.