'ரென்டல் பாண்டு': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், கிருஷ்ணகிரி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். எனக்கு முன் ஒருவர் செய்துவைத்த வரைவில் 'ரென்டல் பாண்டு' என்பது முழுக்க 'வாடகைப் பத்திரம்' என்றே இருக்கிறது. நம் பக்கத்தில் பாண்டு பேப்பர் என்றால் முத்திரைத்தாள். வாடகைப் பத்திரம் என்றால் பதினொரு மாத ஒப்பந்தம். படிப்பவர் பணம் கட்ட வேண்டும் என்பதை உணராமல், கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுவார்.

பொருள் இதுதான். குடிவருபவர் 4 வார வாடகைக்கு மேற்படாத ஒரு தொகையைக் கட்டுகிறார். அதை வீட்டுக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. நேரடியாக வாங்கினாலும் 10 வேலை நாட்களுக்குள் அரசின் பொறுப்பில் உள்ள வாரியத்தில் செலுத்திவிட வேண்டும். இந்த ஏற்பாடு 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. வீட்டைக் காலி செய்யும்போது வாடகைப் பாக்கி, சேதம் போன்றவை போக மீதி குடியிருந்தவருக்கே திரும்பும். 'முன்பணம்' என்று எழுதிவிடலாம் என்றால், அதே பத்தியில், முன்கூட்டிக் கேட்கக்கூடிய 2 வார வாடகை தனியாக வருகிறது. இரண்டும் ஒன்றாகிவிடும். தங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

அம்மையீர், தங்களுக்கு வேண்டிய சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. அது 'ஈடு'. இடு என்னும் வினை முதனிலை திரிந்து ஈடு ஆயிற்று. படு பாடு ஆனதும் கெடு கேடு ஆனதும் அவ்வாறே. ஒன்றற்கு மாற்றாக இட்டு வைப்பது எதுவோ அது ஈடு. 'வாடகை' என்னும் சொல்லையும் விட்டுவிடலாம். நம் ஊர் முதியவர்கள் இன்றும் 'குடக்கூலி' என்கிறார்கள், அது குடிக்கூலியின் மரூஉ. ஆகவே 'குடிக்கூலி ஈட்டுத்தொகை' என்பது என் பரிந்துரை. இலக்கணம் பிழையற்றது, வேர் நம்முடையது, ஓசையும் கனிந்தது.

வழக்கறிஞர், ஓசூர்

ஐயாவின் இலக்கணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஈட்டுத்தொகை என்று கேட்டவுடன் கட்சிக்காரர் மனத்தில் எழுவது இழப்பீட்டுத் தொகை. தமக்கு யாரோ பணம் தரப்போகிறார்கள் என்று நினைப்பார்.

ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வருபவர்கள் கொடுப்பது 'அட்வான்ஸ்'. அது வீட்டுக்காரர் கையிலேயே இருக்கும், பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை அதிலிருந்து கழியும், மீதிக்கு நடக்க வேண்டும். நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வைப்பு வாங்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படியும் பணம் இருப்பது வீட்டுக்காரரிடமே. ஆஸ்திரேலிய ஏற்பாட்டில் பணம் மூன்றாமவர் பொறுப்பில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல் ஓரளவாவது காட்ட வேண்டும். சட்டத்தமிழில் நெடுங்காலம் பழகிய 'பிணை' நம் கையில் இருக்கும்போது 'வாடகைப் பிணை' என்று ஏன் எழுதக்கூடாது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

பிணை தூய தமிழ்ச்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சுமையை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை அடுக்கும்போது பிணையும் வருகிறது; பெண்மானைப் பிணை என்போம். களத்தில் கதிர் மிதிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதும் பிணையல்தான். இரண்டும் கட்டுதல் என்னும் ஒரே வேரிலிருந்து வந்தனவா என்பதை நான் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறேன். மான்கள் இணையாகத் திரிவதால் வந்த பெயர் என்பது என் துணிபு. ஆனால் இன்றைய செய்தித்தாள் வாசகனுக்குப் பிணை என்றால் சிறை, நீதிமன்றம், நிபந்தனைக் கையெழுத்து. வீடு தேடி வந்தவனை ஏன் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் நிறுத்த வேண்டும்?

வேறொன்றும் கேட்கிறேன். தென்மாவட்டங்களில் 'ஒத்தி' என்பார்கள், அது ஒற்றி. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதையே போக்கியம் என்கிறோம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது அது. ஒற்றி என்னும் சொல்லையே விரித்து 'ஒற்றிவைப்பு' ஆக்கினால் என்ன?

வழக்கறிஞர், ஓசூர்

ஒற்றியில் வாடகையே கிடையாது, ஐயா. ஆஸ்திரேலியாவிலோ வாரந்தோறும் வாடகை கட்டிக்கொண்டேதான் இந்தத் தொகையும் இருக்கிறது. ஒற்றி என்று எழுதினால் வாடகை கட்ட வேண்டாம் என்று பொருள்படும். அது ஒருவரை வீட்டை விட்டே வெளியேற்றக்கூடிய தவறு.

ஊத்தங்கரையைச் சேர்ந்தவர், இப்போது சிட்னியில்

அனைவருக்கும் வணக்கம். இங்கே எங்கள் வீடுகளில் 'பாண்ட்' என்றே பேசுகிறோம். ஆகவே எந்தச் சொல்லை எடுத்தாலும் முதல் முறை 'பாண்ட்' என்பதையும் சேர்த்து எழுதும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சொல் ஏன் உடனே புரிய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். வீட்டைக் காலி செய்தபின் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் அந்தத் தொகையைக் கோரலாம். ஒருவர் மட்டும் கோரினால் மற்றவருக்கு அறிவிப்பு வரும். மறுப்பவர் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுக்காவிட்டால் கோரியவருக்கே பணம் போய்விடும். ஆங்கிலம் அறியாத பெற்றோர் கையில் அந்தக் கடிதம் கிடைத்து, கையேட்டை எடுத்துப் பார்த்து, அதில் குடிக்கூலி ஈட்டுத்தொகை என்று இருந்தால், அது தங்கள் பணத்தைப் பற்றியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஊரில் காலி செய்யும்முன் "கடைசி இரண்டு மாதத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அப்படித் தாமாக வாடகையை நிறுத்தினால் அது பாக்கியாகவே கணக்கில் ஏறும். 'முன்பணம்' என்ற சொல் அந்தப் பழக்கத்தைக் கூடவே அழைத்து வரும் என்பதால்தான் நானும் அதை எதிர்க்கிறேன்.

குடிவரும்போது அறை அறையாகச் சுவர், தரை, கதவு எப்படி இருக்கின்றன என்று நிலை அறிக்கை ஒன்று தருவார்கள். நம் குறிப்பை எழுதி 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். என் உறவினர் ஒருவர் குடிபுகுந்த வீட்டின் அடுப்புமேடையில் கடாயை இறக்கி வைத்து வட்டமாகக் கருகிய தழும்பு இருந்தது. அதை அறிக்கையில் எழுதிப் படமும் எடுத்து வைத்திருந்தார். வெளியேறும்போது அந்தத் தழும்புக்காக முகவர் கேட்ட தொகை அதனாலேயே நின்றது. ஆகவே கையேட்டில் இந்தப் பகுதியைச் சுருக்கிவிடாதீர்கள் என்று அம்மாவை வேண்டுகிறேன். என் வாக்கு 'பிணைத்தொகை'க்கு. தொகை என்று சேர்த்துவிட்டால் சிறையின் நினைவு வராது.

கல்லூரி விரிவுரையாளர், தருமபுரி

இந்த விவாதத்தை முதலாண்டு மாணவர்களிடம் எடுத்துச் சென்றேன். 'பிணைப்பணம்' என்று நான் சொல்லச் சொல்ல எழுதியவர்களில் சிலர் 'பிணப்பணம்' என்று எழுதியிருந்தார்கள். தொலைபேசியில் சொல்லும் சொல்லுக்கு இது பெரிய குறை. தொகை என்று முடிவது அந்த வகையில் மேல். மாணவர்கள் தாமாகச் சொன்னது 'காப்புத்தொகை'. மின் இணைப்பு வாங்கும்போது கேட்ட சொல் என்பதால் அது அவர்களுக்குப் பழகியிருக்கிறது. எனக்கும் அதுவே உகந்ததாகத் தோன்றுகிறது.

வழக்கறிஞர், ஓசூர்

காப்புத்தொகை எளிது. ஆனால் வாரியத்தின் பெயரை 'வாடகைக் காப்புத்தொகை வாரியம்' என்று எழுதினால் காப்பீட்டு நிறுவனம் போல ஒலிக்கிறது. தனிச்சொல்லாக நன்றாக இருப்பது தொடரில் நிற்க வேண்டுமே.

மொழிபெயர்ப்பாளர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஒப்பியதாகக் கொண்டு 'வாடகைப் பிணைத்தொகை' என்று எழுதுகிறேன். முதல் இடத்தில் 'பாண்ட்' என்பதைச் சேர்த்து, "வீட்டுக்காரரிடம் அல்லாமல் அரசு வாரியத்தில் வைக்கப்படும் உங்கள் பணம்" என்று ஒரு வரி விளக்கமும் தருகிறேன். முன்கூட்டிக் கட்டுவது 'முன்வாடகை'. இயல்பாகப் பழகுவதால் வரும் தேய்வுக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்லர் என்னும் பகுதியில் 'நியாயமான தேய்மானம்' என்று வைத்திருக்கிறேன். அதில் யாருக்கேனும் மறுப்பு இருந்தால் நாளை நண்பகலுக்குள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

கையேட்டின் அவசரம் எனக்குப் புரிகிறது; தடுக்கவில்லை. ஆனால் நம் குழுவின் சொற்பட்டியலில் பிணைத்தொகைக்குப் பக்கத்தில் ஈட்டுத்தொகையும் பதிவாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 'நியாயம்' வடசொல், 'தேய்மானம்' என்பதன் -மானம் பற்றி எழுத நிறைய இருக்கிறது. பெறுமானம், வருமானம், கட்டுமானம் ஆகியவற்றோடு வைத்து நாளைக் காலையில் விரிவாக எழுதுகிறேன்.